ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு என்ன சமைப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, தறிக்காரர். நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து வேலூரில் ஒரு ஸ்டென்ட், அதாவது அடைத்த ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக் குழாய், வைத்திருக்கிறார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஒன்பது வருடமாகச் சர்க்கரையும் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுச் சீட்டைப் பார்த்துப் பயந்துபோன அம்மா, ஒரு மண்டலம், 48 நாள், உப்பே போடாமல் எல்லாவற்றையும் அவித்துப் போட்டிருக்கிறார். அப்பா 6 கிலோ இளைத்துவிட்டார். மண்டலம் முடிந்த மறுநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர், இப்போது டீக்கடை போண்டாவில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறாராம். இதற்கிடையில் அக்கம்பக்கத்து யோசனைகள் வேறு: லோ சோடியம் உப்பு வாங்குங்கள், தினமும் ஒரு இளநீர் கொடுங்கள், கீரை ஆகவே ஆகாது, இஞ்சி பூண்டுச் சாறு குடித்தால் அடைப்பு கரையும். உப்பும் இளநீரும் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டன. இதில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது கேள்வி. மாத்திரைகளின் பெயரையும் எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று.

மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். முதலில் அந்த லோ சோடியம் உப்புப் பாக்கெட்டை இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள். தினசரி இளநீரையும் டாக்டரைக் கேட்கிற வரைக்கும் நிறுத்துங்கள்.

காரணம் அந்த மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. அப்பா ராமிப்ரில் சாப்பிடுகிறார், ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறார். இரண்டுமே இதயத்துக்கு நல்ல மருந்துகள். ஆனால் இரண்டுமே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். லோ சோடியம் உப்பு என்பது சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். மாத்திரை தேக்கி வைக்க, உப்பும் இளநீரும் மேலே ஊற்றிக்கொண்டே போனால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பின் தாளமே தப்பிப்போகும். ஒன்பது வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லி, நடந்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்த உப்பே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சீனாவில் கிராமம் கிராமமாகச் செய்து 2021-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், அப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு இல்லாத, இந்த மாத்திரைகள் எடுக்காத வீட்டில் தாராளமாக வாங்கலாம். உங்கள் வீட்டுக்கு இப்போதைக்குச் சாதாரண உப்புதான், அளவைக் குறைத்து. இந்துப்புக்கு மாறலாமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாம் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு.

சரி, இப்போது அந்த 48 நாளுக்கு வருவோம்.

நான் வேலூரில் இருபத்திரண்டு வருடம் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள். நம் ஜனங்களிடம் இதய நோயாளிக்கான சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது குறுக்கே வந்து நிற்கிற சொல் 'பத்தியம்'. அம்மை போட்டால் பத்தியம், பிள்ளை பெற்றால் பத்தியம், நாட்டு மருந்துக்குப் பத்தியம். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. அந்த நாள் வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, விரும்பியதைச் சமைத்துப் போடுவோம். பத்தியம் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அந்த அளவுக்கு முறிக்கிற விருந்தும் பெரிதாக இருக்கும். உங்கள் அம்மா மனதில் ஓடியது அந்தக் கணக்குதான். அப்பாவும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஸ்டென்ட் வைத்தவருக்கு முடிவு நாள் கிடையாது, இனி இருக்கிற காலத்துக்கும் இதுதான் சாப்பாடு. அதனால் இருக்கிற காலத்துக்கும் சாப்பிட முடிகிற மாதிரி அது இருக்க வேண்டும். உப்பில்லாமல் அவித்த சுரைக்காயை யாராலும் அப்படிச் சாப்பிட முடியாது. என்னாலும் முடியாது.

அம்மாவுக்கு ஒரு ஆறுதலும் சொல்லலாம். பம்பிங் குறைந்த நோயாளிகளுக்கு உப்பை மிகக் கடுமையாக, நாளுக்கு 4 கிராமுக்கும் கீழே குறைத்தால் பலன் கூடுமா என்று ஆறு நாடுகளில் 800 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களைவிட இவர்களுக்கு ஆயுளிலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுவதிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, இனி அளவாக உப்பு போட்டுக் குழம்பு வைப்பதற்காக அம்மா குற்ற உணர்ச்சியோடு நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 40 சதவீதம் என்றால் நூற்றுக்கு நாற்பது மார்க் என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளிருக்கும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். நாற்பது குறைவுதான். ஆனால் பாதிக்குமேல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கீரை ஆகாது என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கோ அவருக்குத் தெரிந்தவருக்கோ வால்வு மாற்றியிருப்பார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் வால்வு கெட்டு, உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுவார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவர்களுக்கும்கூடக் கீரையை ஒரேயடியாக விடச் சொல்வதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்றி இறக்காமல், வாராவாரம் ஒரே மாதிரி சாப்பிடச் சொல்வோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்து, மாத்திரையின் அளவை அதற்கு ஏற்றபடி டாக்டர் சரிசெய்துகொள்வார். உங்கள் அப்பா சாப்பிடுவது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். அவற்றுக்கும் கீரைக்கும் சண்டை இல்லை. பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று பரிசோதனையில் வந்துவிட்டால், வாரம் மூன்று நாலு நாள் கீரைக் கடைசல் வையுங்கள். இதய நோய் என்று ஒரே பெயர்தான். அடைப்பு, வால்வு, பம்பிங் குறைவு, மூன்றுக்கும் சாப்பாட்டுக் கணக்கு வேறு வேறு. 'எனக்கு டாக்டர் இதைச் சொன்னார்' என்று யார் வந்து சொன்னாலும், 'உங்களுக்கு என்ன மாத்திரை?' என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி உப்பு. இதில்தான் வேலை அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. 5 கிராம் என்று சொன்னால் சமைக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒருமுறை பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். 'உப்பெல்லாம் நான் கம்மியாத்தாம்மா போடுவேன்' என்றார். மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, உப்பு டப்பாவைத் திறந்து வைத்து, 'வீட்டில் குழம்புக்குப் போடுகிற மாதிரி இதில் போடுங்கள்' என்றேன். கையை விட்டு ஒரு அள்ளு அள்ளினார், போட்டார், கொஞ்சம் யோசித்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். தராசில் வைத்தால் 24 கிராம். அதே மாதிரி ரசத்துக்கு, பொரியலுக்கு எல்லாம் போட்டு முடித்தபோது 40 கிராமைத் தொட்டது. வீட்டில் நான்கு பேர். ஆளுக்குப் பத்து கிராம், இட்லியும் ஊறுகாயும் சேராமல். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, 'இன்னாம்மா இது, இவ்ளோவா போடறேன்?' என்றார். வீட்டுக்காரர் சிரித்தார். அந்த அம்மாவுக்கு அன்று நான் எதுவுமே சொல்லவில்லை, தேவைப்படவில்லை.

உங்கள் அம்மாவிடம் ஒன்று மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கையை விட்டு அள்ளுவதை நிறுத்தட்டும். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நான்கு பேருக்கு மூன்று தேக்கரண்டி தூளுப்பு, தலைதட்டி, எடுத்து வைத்துவிட வேண்டும். அன்றைய மாவு, சட்னி, குழம்பு, ரசம் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள்தான். ராத்திரி கிண்ணம் காலியானால் காலிதான். கல்லுப்பே வேண்டும் என்றால் பொடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் கரண்டிக் கணக்கு தப்பும். இந்தக் கணக்கில் ஒரு கிலோ பாக்கெட் இரண்டு மாதம் வர வேண்டும். இப்போது எத்தனை நாளில் தீர்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் நாளே மூன்று கரண்டிக்கு வந்துவிடாதீர்கள். இப்போது ஆறு போடுகிறார் என்றால் இந்த வாரம் ஐந்து, இரண்டு வாரம் கழித்து நான்கரை. நாக்கு பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். பழகியபிறகு பழைய குழம்பு கரிக்கிறது என்று அப்பாவே சொல்வார். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சமையலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புளி ஏற ஏறக் குழம்பு உப்பு கேட்கும். கெட்டியான காரக்குழம்பில் உப்பை மட்டும் குறைத்தால் புளிப்பு தனியாக நின்று முகத்தைச் சுளிக்க வைக்கும். எனவே புளியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். காரக்குழம்பு வாரம் ஒருநாள் போதும். மற்ற நாள் பருப்புக் கடைசல், கூட்டு, கீரை மசியல், மிளகு ரசம். இவையெல்லாம் குறைந்த உப்பிலேயே ருசி தரும். வறுத்து அரைத்த தனியாவும் மிளகும், கடைசியில் நசுக்கிப் போட்ட பூண்டு, இறக்கி வைத்தபின் பிழிந்த எலுமிச்சை, இவை இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. காலைப் பலகாரத்தில் பாருங்கள், இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு என்று மூன்று தடவை போடுகிறோம். மாவில் பாதியாகக் குறைத்தால் ஒருவருக்கும் தெரியாது, சட்னியில் குறைத்தால்தான் தெரியும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கிற காலத்தில் சுட்டு மசித்து வெங்காயம் போட்டுப் பாருங்கள். அந்தக் காயின் ருசிக்கு ஒரு சிட்டிகை உப்பே அதிகம்.

தட்டின் ஓரத்தில் உட்காருகிற சாமான்கள்தான் நிஜமான எதிரிகள். ஒரு தேக்கரண்டி ஊறுகாயில் ஒரு கிராம் வரைக்கும்கூட உப்பு இருக்கும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேருகிறது, அதுவும் சோடியம்தான். மோர் மிளகாய், வடகம், கருவாடு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அப்பா கேட்பார். கூழ் கொடுங்கள், அதில் தப்பில்லை. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக்குப் பதில் பச்சை வெங்காயமும், மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து உப்புக் குறைத்து அரைத்த துவையலும் வையுங்கள்.

சமையலறைக்கு வெளியே ஒளிந்திருக்கிற உப்பை நானே ஒருமுறை கோட்டை விட்டேன். என் அப்பாவுக்கும் பம்பிங் குறைவு. வீட்டில் உப்பை நான் அளந்துதான் போட்டேன். ஒரு வைகாசி மாதம் நாலே நாளில் எடை இரண்டரை கிலோ ஏறிவிட்டது, கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது. அம்மாவைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அவர் தலையணைக்கு அடியில் நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பொடிப் பொட்டலங்கள் ஒரு கொத்து. தினமும் இரண்டு குடித்திருக்கிறார். அது புஸ்ஸென்று நுரைப்பதே சோடியம் பைகார்பனேட்டால். ஒரு பொட்டலத்தில் கிட்டத்தட்ட 2 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. குழம்பில் நான் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவர் டம்ளரில் குடித்துவிட்டார். நுரைத்துக் கரைகிற வலி மாத்திரைகளிலும் இதே கதை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சு எரிந்தால் அதை கேஸ் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

எடை விஷயம் உங்கள் அப்பாவுக்கும் பொருந்தும். ஒரு எடைப் பொறி வாங்கி, தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன் ஏறி நின்று, காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தேங்கிய நீர். அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால், அதில் காபி, மோர், ரசம், கூழ் எல்லாம் அடங்கும். கூழ் சாப்பாட்டுக் கணக்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு சொம்பு குடிப்பவர்கள் உண்டு, அதில் முக்கால்வாசி தண்ணீர். ஆனால் இதைச் சொல்லும்போது வேலூர் வெயிலையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கத்திரியில் தறியில் உட்கார்ந்து வேர்த்து ஊற்றுகிறவருக்கு மார்கழியின் அளவு பொருந்தாது. தலை சுற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, நீர் பிரிய வைக்கும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கேட்டுச் செய்யுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தைக்கூட நீங்களாகக் கரைத்துக் கொடுக்காதீர்கள், அதிலும் உப்புதான்.

எண்ணெய்க்கு வருகிறேன். ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர், அவ்வளவுதான். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, சூரியகாந்தியா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அளவு ஏறிவிட்டால் எதுவும் நல்லதில்லை. வட ஆற்காட்டில் மல்லாட்டை விளைகிறது, செக்கும் இருக்கிறது, கடலை எண்ணெயே போதும். செக்கில் ஆட்டியது என்பதற்காக ஒரு கரண்டி கூட ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. செக்கு எண்ணெயிலும் கொழுப்பு நூற்றுக்கு நூறுதான். தேங்காய் எண்ணெயும் நெய்யும் தினசரிச் சமையலுக்கு வேண்டாம், உறைகிற வகைக் கொழுப்பு அவற்றில் மிக அதிகம். ரேஷன் பாமாயிலில் அந்தக் கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல். பணக் கஷ்டத்தில் அதைத்தான் வாங்க முடியும் என்றால், அளவை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கிச் சிகிச்சைக்கு வரும் வங்காளிகள், அறையிலேயே அடுப்பு வைத்துக் கடுகெண்ணெயில் மீன் சமைப்பார்கள். 'ஆலிவ் ஆயில் எங்கே கிடைக்கும்?' என்று அவர்கள் சீட்டைக் காட்டிக் கேட்டது ஞாபகம் வருகிறது. கடுகெண்ணெய் நல்ல எண்ணெய்தான், அதை விடச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அச்சடித்த சீட்டுக்குச் சாப்பிடுகிறவன் யார், எந்த ஊர் என்று எப்படித் தெரியும்?

உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த சீட்டிலும் ஓட்ஸ், ப்ரோக்கோலி, பிரவுன் பிரெட் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்ஸில் தப்பில்லை. ஆனால் அதில் கிடைக்கிற நார்ச்சத்தைக் கேழ்வரகும், ஜவ்வாது மலைச் சாமையும், கொள்ளும், பாசிப்பயறும் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: களி நல்லது என்று இரண்டு பெரிய உருண்டை உள்ளே போனால் சர்க்கரை ஏறும். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம். ஒரு உருண்டை, அதே அளவுக்குக் கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் பயறு. சோற்றுக்கும் இதே கணக்கு. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ.

அந்தக் கடைசிக் கால் பங்குதான் உங்கள் வீட்டில் இப்போது அவசரம். 6 கிலோ இளைத்திருக்கிறார். பம்பிங் குறைந்தவர் இப்படிச் சாப்பிடாமல் இளைப்பது நல்ல அறிகுறியே இல்லை, சதை கரைகிறது என்று பொருள். எல்லாவற்றையும் நிறுத்தியதில் புரதமும் நின்றுபோயிருக்கிறது. முட்டையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். வாரம் நாலைந்து முழு முட்டை என்பேன், டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொல்வதே. வெள்ளைக்கரு எத்தனையும் சாப்பிடலாம். மார்க்கெட்டில் மத்தியோ கானாங்கெளுத்தியோ வருகிற நாளில் வாங்கி, வறுக்காமல், புளி குறைத்துக் குழம்பு வையுங்கள். வாரம் இரண்டு தடவை. ஏரிக் கெண்டையும் பரவாயில்லை, ஆனால் இதயத்துக்கு நல்ல அந்தக் கொழுப்பு கடல் மீனில்தான் கூடுதல். தோல் நீக்கிய கோழி வாரம் ஒன்றிரண்டு நாள். ஆட்டுக்கறி மாதம் ஒன்றிரண்டு தடவை, கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு. மாலையில் உப்புப் போடாமல் வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி.

அப்பா டீக்கடைக்குப் போவது போண்டாவுக்காக இல்லை என்று நினைக்கிறேன். நாலு மாதமாக வீட்டில் நோயாளி. அங்கே போனால் பழைய ஆட்கள், பேப்பர், பேச்சு. அதைப் பிடுங்கினால் போண்டா வேறு எங்காவது முளைக்கும். போகட்டும், சர்க்கரை இல்லாத டீ குடிக்கட்டும், சட்டைப் பையில் வறுகடலையோ மல்லாட்டையோ இருக்கட்டும். கடை எண்ணெயைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லுங்கள், காய்ந்து காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்தது இப்போதிருக்கும் நிலையில் அவருக்கு ஆகவே ஆகாது. அப்புறம், எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: பீடி உண்டா? உண்டென்றால் நான் இதுவரை எழுதிய உப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுகூட வேண்டாம்.

பிரியாணி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கேட்காமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போவார், பக்ரீதுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும். மாதம் ஒருநாள் சாப்பிடட்டும். அன்றைய உப்பு அந்தத் தட்டோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு வேளையும் இட்லியோ மோர்ச்சோறோ உப்பில்லாமல். சாதத்தைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய் மிதக்கிற கத்திரிக்காய்த் தொக்கைத் தொடாமல், தயிர் வெங்காயத்தை நிறைய எடுத்துக்கொள்ளலாம். ஆற்காட்டு மக்கன் பேடா? சர்க்கரையும் உள்ளவருக்கு ஒரு துண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அந்த இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் காய்ச்சிய சாறு, வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. ரத்தக் குழாயில் சுண்ணாம்பு மாதிரி படிந்துபோன அடைப்பு எந்தச் சாற்றாலும் கரையாது. பூண்டைக் குழம்பில் போடுங்கள். சாறாக நிறையக் குடித்தால், ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவு வரலாம், தேனில் சர்க்கரை ஏறும். இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சாறு குடிக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் அந்த இரண்டு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து இன்னொரு மாரடைப்பு வரலாம். கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். மாரடைப்பு வந்தவருக்கு கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் சாப்பாட்டால் மட்டும் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும், அவ்வளவுதான். மிச்சத்தை மாத்திரைதான் குறைக்கும். ரிப்போர்ட்டில் 60 என்று வந்தால் அது மாத்திரை வேலை செய்வதால் வந்த 60. குணமாகிவிட்டது என்று நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

புரட்டாசி விரதம், கிருத்திகை விரதம் இருப்பவரா என்று தெரியவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி இருப்பது ஆபத்து. கறி, மீன் இல்லாமல் ஒருபொழுது என்றால் பிரச்சினை இல்லை, முழுப் பட்டினி வேண்டாம்.

தனிச் சமையல் மட்டும் வைக்காதீர்கள். அப்பாவுக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று பிரித்த வீடுகளில் ஆறு மாதத்துக்குமேல் எதுவும் நின்று நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரட்டை வேலை, அப்பாவுக்கு மூக்கைத் துளைக்கிற பக்கத்துச் சட்டி வாசனை. ஒரே குழம்பு, எல்லோருக்கும் குறைந்த உப்பு. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் அது நல்லதுதான், அப்பாவின் சர்க்கரையும் இதயமும் உங்கள் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். யாருக்காவது போதவில்லை என்றால் சாப்பிடும்போது ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளட்டும். அப்பா பக்கத்தில் அந்த டப்பா வேண்டாம்.

டிஸ்சார்ஜ் நாளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று. உணவு ஆலோசனையைக் கட்டிலில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் சொல்லி, சீட்டை அவர் கையில் கொடுப்போம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சமைக்கப் போகிறவர் அந்த நேரத்தில் கீழே பில் கட்டுகிற வரிசையில் நின்றுகொண்டிருப்பார். பொட்டாசியம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிற நாளில் நீங்கள் வரிசையில் நில்லுங்கள். அம்மா உள்ளே போகட்டும், கையில் அந்த உப்புக் கிண்ணத்தோடு.